ஏடிஎம்மில் வராத 10,000 ரூபாய்

வேறு வங்கி ஏடிஎம்மில் 10,000 எடுக்க கார்டைப் போட்டேன். மெஷின் கரகரவென்று எண்ணியது, கதவு திறக்கவில்லை. குறுஞ்செய்தி மட்டும் வந்தது: பணம் கழிந்துவிட்டது.

அந்த ஏடிஎம் இருந்த கிளைக்குப் போனேன். "உங்க கார்டு எந்த பேங்க்கோ அங்கே போங்க சார்." சரியான பதில்தான், புகாரை எடுக்கவேண்டியது நம் வங்கி. கஸ்டமர் கேருக்கு நாலு தடவை போன். 12ஆம் நாள் 'பரிவர்த்தனை வெற்றி' என்று புகாரை மூடிவிட்டார்கள்.

அப்புறம்தான் கவனித்தேன். வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போக, முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கவேண்டும். போனில் சொன்ன புகார் என்றால், சொன்னதற்குச் சான்று கையில் இருக்கவேண்டும்!

என் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டேன். ஏடிஎம் ஸ்லிப்பில் எழுத்து மங்கி வெள்ளைத்தாளாகியிருந்தது. நல்லவேளை, அன்றே போட்டோ எடுத்திருந்தேன். அந்த ஏடிஎம்மின் அன்றைய பணக்கணக்கைச் சரிபார்க்கக் கேட்டு, 20.9.2019 ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையையும் குறிப்பிட்டேன். அதன்படி, வராத பணத்தை 5 நாளுக்குள் திருப்பாவிட்டால் தினம் 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலே தரவேண்டும்.

24ஆம் நாள் 10,000 வந்தது. இழப்பீடு வரவில்லை. அதே மெயிலுக்குக் கீழே '19 நாள், 1,900' என்று ஒரு வரி. மூன்றாம் நாள் அதுவும் ஏறிவிட்டது. அப்பாடா.