முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள்: குறி மாற்றத்திலிருந்து தொடங்குங்கள்

2ய³ − 3ய² − 11ய + 6 = 0 என்ற சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். ய என்பது மாறி. ய-க்கு எந்த எண்ணைப் போட்டால் இடப்பக்கம் 0 ஆகுமோ அதுதான் மூலம். கெழுக்கள் (2, −3, −11, 6 ஆகிய எண்கள்) எல்லாம் முழு எண்கள். அப்படியானால் விகிதமுறு மூலம் (பின்னமாகவோ முழு எண்ணாகவோ எழுதக்கூடிய மூலம்) எதுவாக இருந்தாலும், அது மாறிலியின் (ய இல்லாத எண், இங்கே 6) வகுத்தி ஒன்றை முதல் கெழுவின் வகுத்தி ஒன்றால் வகுத்துக் கிடைக்கும் எண்தான். இங்கே ±1, ±2, ±3, ±6, ±1/2, ±3/2 என 12 எண்கள் வருகின்றன.

இந்தப் பன்னிரண்டையும் வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். ய = 0 என்றால் மதிப்பு 6; ய = 1 என்றால் −6. குறி மாறிவிட்டதால் இடையில் ஒரு மூலம் நிச்சயம் உண்டு. நம் பட்டியலில் 0-க்கும் 1-க்கும் நடுவே இருப்பது 1/2 மட்டுமே.

அதைத் தொகுமுறை வகுத்தலில், அதாவது கெழுக்களை மட்டும் வைத்து (ய − 1/2)-ஆல் வகுக்கும் முறையில், சோதிப்போம். கெழுக்களை 2, −3, −11, 6 என்று எழுதி, முதல் 2-ஐ அப்படியே கீழே இறக்குங்கள். அதை 1/2-ஆல் பெருக்கினால் 1. −3-உடன் கூட்ட −2. அதையும் 1/2-ஆல் பெருக்கி −11-உடன் கூட்ட −12. மறுபடி பெருக்கினால் −6. 6-உடன் கூட்ட மீதி 0. ஈவு 2ய² − 2ய − 12. அதை 2-ஆல் வகுத்தால் ய² − ய − 6, அதாவது (ய − 3)(ய + 2). மூலங்கள் 1/2, 3, −2.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். மூலங்களின் கூடுதல் 3/2. இரண்டாம் கெழுவை முதல் கெழுவால் வகுத்துக் குறியை மாற்றினாலும் 3/2. மூலங்களின் பெருக்கல் −3; மாறிலியை முதல் கெழுவால் வகுத்துக் குறியை மாற்றினால் வரும் −6/2-உம் அதேதான்.

விடுபட்ட படிக்கு 0 எழுத மறப்பதுதான் மிக மோசமான பிழை, ஏனென்றால் அது சில சமயம் வெளியே தெரியாது. ய³ − 7ய + 6-இன் கெழுக்களை 1, −7, 6 என்று எழுதி, 1-ஐ வைத்துத் தொகுமுறையில் வகுத்தாலும் மீதி 0-தான் வரும்! 0 சேர்ந்தாலும் விட்டாலும் கெழுக்களின் கூடுதல் மாறாது அல்லவா? ஆனால் ஈவு ய − 6 ஆகிவிடும். 6 மூலமே இல்லை. 1, 0, −7, 6 என்று எழுதினால் ஈவு ய² + ய − 6. மூலங்கள் 1, 2, −3. முப்படியை ஒருமுறை வகுத்தால் ஈவு இருபடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதை எப்போதும் பாருங்கள்.

கண்டுபிடித்த மூலத்தை ஈவிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ய³ − 3ய + 2-இல் 1 இரண்டு முறை வருகிறது.

விகிதமுறு மூலமே இல்லாவிட்டால்? நியூட்டன் எடுத்துக்காட்டிய ய³ − 2ய − 5 = 0 அப்படிப்பட்டது; ±1, ±5 எதுவும் பொருந்தாது. 2-இல் மதிப்பு −1, 3-இல் 16. எனவே 2-இலிருந்து தொடங்கலாம். மதிப்பை வகைக்கெழுவால் (ய மாறும்போது மதிப்பு மாறும் வீதம், இங்கே 3ய² − 2) வகுத்து, கையிலுள்ள எண்ணிலிருந்து கழியுங்கள். 2 − (−1/10) = 2.1. அடுத்தது 2.1 − 0.061/11.23, அதாவது 2.0946. இன்னொரு சுற்றில் 2.09455.

தொடக்க எண்ணை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 0.8-இல் வகைக்கெழு −0.08 தான். அவ்வளவு சிறிய எண்ணால் வகுப்பதால் அடுத்த மதிப்பு ஏறத்தாழ −75-க்குப் போய்விடும். அப்படி நடந்தால் அந்தக் கணக்கைத் தொடராமல், குறி மாறும் இடைவெளிக்குள் வேறோர் எண்ணை எடுங்கள்.