தே தாரிக் ஆறுவதற்குள் லண்டன் அரசியல் பேசுவது எப்படி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைத்தால் பதினொன்றுக்குள் தோசை மாவு தீர்ந்துவிடும். ஆட்கள் மட்டும் எழுந்து போக மாட்டார்கள். பசியாற அரை மணி நேரம், பேச இரண்டு மணி நேரம். அந்தப் பேச்சில் பாதி லண்டன் அரசியல். உள்ளூர் அரசியல் பேசினால் மேசைக்கு மேசை கட்சிக்காரர் உறவு இருக்கும். லண்டனைத் திட்டினால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தோம். தப்பு. 2016 ஜூனில் பிரெக்ஸிட் ஓட்டெடுப்பு (ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதா என்று) வந்தபோது தினமும் கடைக்கு வருகிற வாத்தியாரும் பிக்கப் வண்டி ஓட்டுகிற பிக்கப் அண்ணனும் வாய்ச்சண்டை போட்டு, இரண்டு மாதம் தனித்தனி மேசையில் உட்கார்ந்தார்கள். 52க்கு 48 என்று அங்கே முடிந்துபோன விஷயத்துக்கு இங்கே என்னுடைய கிளாஸ் ஒன்று உடைந்தது. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் அந்த ஊரில் ஓட்டே கிடையாது.

அதற்கப்புறம்தான் கடைக்கென்று சில முறைகள் வைத்தேன். புதிதாக வருகிற பையன்களுக்கு ஒவ்வொரு தடவையும் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிடுகிறேன்.

பேச்சைத் தொடங்குமுன் யாருக்கு ஓட்டு இருக்கிறது என்று கேளுங்கள். என் மகள் லெஸ்டரில் நர்ஸ். ("லண்டன் இல்லம்மா, லெஸ்டர்" என்று எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்கு அது லண்டன்தான்.) மலேசியக் கடப்பிதழ் வைத்திருக்கிற பிள்ளைக்கு அங்கே பொதுத் தேர்தலில் ஓட்டு உண்டு என்று சொன்னால் கடையில் யாரும் நம்பவில்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், முறையான அனுமதியோடு அங்கே குடியிருந்தால், பதிந்துகொண்டு ஓட்டுப் போடலாம். இங்கே 2021 டிசம்பரிலிருந்து பதினெட்டு வயதானால் பெயர் தானாகவே ஏறிவிடுகிறது. அங்கே நாமே போய்ப் பதிய வேண்டும். விரலில் மை கிடையாது, பென்சிலால் குறி போடுகிறார்கள். மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்ப முடியவில்லை என்று மகளுக்கு வருத்தம். ஆக, மேசையில் ஓட்டு உள்ள வீட்டிலிருந்து ஒருவர் இருந்தால் முதல் வார்த்தை அவருடையது. இந்த ஒரு முறையிலேயே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

அடுத்தது, மூஞ்சியைப் பற்றி ஆரம்பிக்காதீர்கள். போரிஸ் ஜான்சன் தலைமுடி, ஸ்டார்மர் குரல் என்று தொடங்கினால் அந்தப் பேச்சுக்குக் கரையே கிடையாது. மைலோ பெட்டி அட்டையைக் கிழித்து, பேனாவை எடுத்து எண்ணிக்கையை எழுதுங்கள். மொத்தம் 650 சீட்டு, பாதியைத் தாண்ட 326. 2024 ஜூலை 4 தேர்தலில் லேபர் கட்சிக்கு 411 கிடைத்தது. "சுனாமி!" என்றார் பிக்கப் அண்ணன். சரி, ஓட்டு எவ்வளவு? நூற்றுக்கு 34 பேர்கூட இல்லை. ரிஃபார்ம் கட்சிக்கு நூற்றுக்கு 14, சீட்டு ஐந்து. லிபரல் டெமாக்ரட்டுக்கு நூற்றுக்கு 12, சீட்டு 72. கிராணி தாத்தா (கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா) அட்டையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டு தடவை பார்த்தார். கூட்டல் தப்பாயிருக்கும் என்று நினைத்துவிட்டார் பாவம். கூட்டல் சரிதான். தொகுதியில் முதலாவதாக வந்தவனுக்கே எல்லாம் என்கிற அதே முறைதான் நமக்கும். அவர்களிடமிருந்து வந்ததுதானே!

அதே இரவில் என் மகள் தொகுதியைப் பாருங்கள். லெஸ்டர் கிழக்கு, 1987 முதல் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் லேபர் ஜெயித்த இடம். நாடே லேபர் பக்கம் சாய்ந்த அன்றைக்கு அங்கே கன்சர்வேட்டிவ் ஜெயித்தது. அந்தத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சி இன்னொருவரிடமிருந்து பறித்த ஒரே தொகுதி அது. எப்படி? லேபர் வேட்பாளர் ஒரு பக்கம். முன்னால் லேபரில் இருந்து அந்தத் தொகுதிக்கே எம்.பி.யாக இருந்த இரண்டு பேர் தனித்தனியாக நின்றார்கள். ஓட்டு சிதறியது, கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஷிவானி ராஜா நாடாளுமன்றத்துக்குள் போனார். இதைச் சொன்னதும் மேசையில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பலமுனைப் போட்டி என்றால் என்னவென்று பேராக்காரனுக்கா சொல்லித் தர வேண்டும்? 2022 நவம்பரில் 222 சீட்டில் எந்த அணிக்கும் 112 கிடைக்காமல், ஐந்து நாள் யார் பிரதமர் என்று தெரியாமல் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தோமே.

இந்த அட்டைக் கணக்கு முடிந்தபிறகுதான் தலைவர்களுக்கு வர வேண்டும். அங்கேயும் ஒரு கேள்விதான்: இவரை யார் இறக்க முடியும்?

தாட்சரைப் பற்றி எங்கள் கடையில் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கு யூனிவர்சிட்டி கட்டணத்தை ஏற்றியது, 1981 செப்டம்பரில் இங்கே தோட்டங்கள் வைத்திருந்த பிரிட்டிஷ் குத்ரி கம்பெனிப் பங்கை லண்டன் சந்தையிலேயே நம்மவர்கள் ஒரு காலைப்பொழுதில் வாங்கி முடித்தது, அதற்கப்புறம் நம் பிரதமர் மகாதீர் "பிரிட்டிஷ் சாமான் கடைசியில் வாங்கு" என்றது, எல்லாம் கிராணி தாத்தா நேற்று நடந்ததுபோல் சொல்வார். தோட்டத்துப் பெயர்ப்பலகையை அவர் பார்வையில் மாற்றினார்களாம். ஆனால் தாட்சர் எப்படிப் போனார் என்று கேட்டால், "தேர்தல்ல தோத்துட்டா" என்பார். தோற்கவில்லை. 1990 நவம்பரில் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டார்கள். அவருக்கு 204, எதிர்த்து நின்ற ஹெசல்டைனுக்கு 152. கூடுதல் ஓட்டு வாங்கியும், விதி கேட்ட இடைவெளிக்கு நான்கு ஓட்டு குறைந்தது. இரண்டே நாளில் விலகல் அறிவிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு மேல் பிரதமர், நான்கு ஓட்டில் காலி.

"அங்க பிரதமர் நிக்கவே மாட்டார்லா, கேலிக்கூத்து" என்று யாராவது சிரித்தால் உடனே தடுங்கள். 2019 டிசம்பரில் அமைந்த அவர்கள் நாடாளுமன்றம் ஜான்சன், லிஸ் டிரஸ், சுனாக் என்று மூன்று பிரதமர்களைப் பார்த்தது. 2018 மேயில் அமைந்த நம் நாடாளுமன்றமும் மகாதீர், முகைதீன், இஸ்மாயில் சப்ரி என்று மூன்று பேரைப் பார்த்தது. சிரிக்க நமக்கு என்ன இருக்கிறது? வித்தியாசம் ஒன்று உண்டு. அவர்கள் ஒரே கட்சிக்குள் ஆளை மாற்றினார்கள். இங்கே எம்.பி.க்கள் பக்கம் மாறினார்கள். கட்சி தாவுகிற எம்.பி.யைத் தவளை என்போம்; 2022 அக்டோபரில்தான் தவளைக்குச் சட்டம் வந்தது. அங்கே இன்றைக்கும் கட்சி தாவினால் சீட்டு போகாது. சர்ச்சிலே 1904இல் தாவிப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்தான்.

இனி, கவனமாகக் கையாள வேண்டிய வார்த்தை ஒன்று: "நம்ம ஆள்."

2022 தீபாவளியன்று சுனாக் கட்சித் தலைவரானார், மறுநாள் பிரதமர். கடை மூடியிருந்த நாள், ஆனால் வீட்டுக்கு முறுக்குக் கொண்டுவந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். நம்ம ஆள், நம்ம ஆள். கிராணி தாத்தா முறுக்கை நனைத்துக்கொண்டே கேட்டார்: "அவர் வந்ததால நம்ம லயத்து வீட்டுக்குப் பட்டா வருமா?" சவுத்தாம்டனில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை, கன்சர்வேட்டிவ் கட்சி. சந்தோஷப்படலாம், தப்பில்லை. அதை வாதமாக வைக்காதீர்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் லேபர். பெயரே தொழிலாளர் கட்சி, அதனால் நம் பக்கம் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்லலாமா? 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதோடு அவசரகாலம் வந்தது. தாத்தாவுக்கு அப்போது ஏழு வயது. லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டது ஞாபகம் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் கணபதியை 1949 மேயில் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். லண்டனில் அப்போது ஆட்சியில் இருந்தது அட்லியின் லேபர் கட்சி. 1957இல் மெர்டேகா (சுதந்திரம்) வந்தபோது இருந்ததோ மேக்மில்லனின் கன்சர்வேட்டிவ். இதனால் லேபர் கெட்டது, கன்சர்வேட்டிவ் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. அட்லி ஆட்சிதான் அந்த ஊர் ஜனங்களுக்கு இலவச மருத்துவம் கொடுத்தது, என் மகள் வேலை செய்வதும் அதில்தான். கட்சிப் பெயரைப் பார்த்து ஆள் பிடிக்காதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

தலைவர் நல்லவரா கெட்டவரா என்று பேச்சு சுற்றிச்சுற்றி வந்தால், பில் யாருக்கு வந்தது என்று கேட்டுவிடுங்கள். லிஸ் டிரஸை 81,000 கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள்; 2022 செப்டம்பரில் அவர் அரசு வரியைக் குறைப்பதாக அறிவித்ததும் பவுன் விழுந்தது, வீட்டுக் கடன் வட்டி ஏறியது, 49 நாளில் ஆட்சி முடிந்தது. மகள் அனுப்பிய பவுனுக்கு அந்த மாதம் வெள்ளி (ரிங்கிட்) குறைவாகத்தான் வந்தது. 2024இல் லேபர் வந்த சூட்டோடு, பென்ஷன்காரர்களுக்கான குளிர்காலக் கணப்புப் பணத்தைப் பெரும்பாலோருக்கு நிறுத்தியது. அடுத்த வருடம் பின்வாங்கியது. பிக்கப் அண்ணனுக்கு இது உடனே புரிந்தது. அதே 2024 ஜூனில்தான் இங்கே டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே ராத்திரியில் 3.35க்கு ஏறியது. வாத்தியார் "மானியம் பணக்காரனுக்கும் போகுதே" என்றார். அண்ணன் "என் பிக்கப்பைப் பார்த்தா பணக்காரன் மாதிரி இருக்கா?" என்றார். நல்ல சண்டை. கிளாஸ் உடையவில்லை.

பந்தயம் கட்டினால் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) மட்டும், காசு கூடாது. அவர்களுக்கு ஓட்டுப்பதிவு வியாழக்கிழமை இரவு பத்து மணிக்கு முடியும். முடிந்த நிமிடமே கருத்துக்கணிப்பு வரும். கோடைக்காலமாக இருந்தால் நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணி. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்புகிற நேரம். 2024இல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, போனை சுசு (பால்) டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். நான்கு பேர் இருந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று முதல் நாளே அட்டையில் எழுதி வைத்திருந்ததால் ஒருவரும் பேச்சு மாற்ற முடியவில்லை. அண்ணன் சுனாக் மேல் கட்டித் தோற்றார். நான்கு தே, அவர் கணக்கு.

பதினொன்று ஆகியும் பேச்சு நிற்காமல் மெல்ல உள்ளூர் எம்.பி. பக்கம் திரும்பினால் மேசையைத் துடைக்க ஆரம்பியுங்கள். அப்போதும் எழவில்லையென்றால் மின்னல் எஃப்.எம். சத்தத்தைக் கூட்டிவிடுங்கள்.