பிரிட்டிஷ் பாணி தேநீர் விருந்து: எங்கே சொதப்புகிறது?

முதல் சொதப்பல் அழைப்பிலேயே நடந்துவிடும். ‘ஹை டீ’ என்று போட்டால் பகட்டாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹை டீ என்பது தொழிலாளர் குடும்பங்கள் வேலை முடிந்து வந்து, சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் ரொட்டியுமாக வயிறு நிரம்ப உண்ட மாலை உணவு. மூன்றடுக்குத் தட்டு, ஸ்கோன் என்கிற சின்ன வட்ட ரொட்டி எல்லாம் பிற்பகலில் பரிமாறும் ஆஃப்டர்நூன் டீயைச் சேர்ந்தவை. இரவு உணவு எட்டு மணிக்குத் தள்ளிப்போன 1840 வாக்கில், பசி தாங்காமல் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னா மரியா தொடங்கிவைத்த பழக்கம் என்பார்கள்.

பலகாரத்துக்கு இரண்டு நாள் மெனக்கெடுபவர்கள்கூடத் தேநீரைக் கடைசி நிமிடத்துக்கு விட்டுவிடுகிறார்கள். டீபாட்டை முதலில் வெந்நீரால் அலசிச் சூடாக்குங்கள். இல்லையென்றால் குளிர்ந்த பீங்கானே சூட்டை இழுத்துக்கொள்ளும், சாரம் இறங்காது. ஆளுக்கு ஒரு தேக்கரண்டி அஸ்ஸாம் அல்லது சிலோன் இலை, தளதளவென்று கொதிக்கும் நீர், நான்கு நிமிடம். அப்புறம்தான் பெரிய தவறு நடக்கும்: இலையை உள்ளேயே விட்டுவிட்டு அரட்டையில் உட்கார்ந்துவிடுவோம். இரண்டாவது கோப்பை கஷாயமாகிவிடும். வடிகட்டி, சூடாக்கிய இன்னொரு டீபாட்டுக்கு மாற்றிவிடுங்கள். பால் தனியாக, எலுமிச்சை தனியாக. ஒரே கோப்பையில் இரண்டும் சேர்ந்தால் திரிந்துவிடும்.

வெள்ளரி சாண்ட்விச் சொதசொதவென்று ஆவதற்கு வெள்ளரியின் நீர்தான் காரணம். மெல்லிசாகச் சீவி, உப்புத் தூவி, இருபது நிமிடம் கழித்து ஒற்றியெடுங்கள். வெண்ணெயை ரொட்டியின் ஓரம்வரை தடவ வேண்டும், ஈரம் உள்ளே ஊறாமல் தடுப்பது அதுதான்.

ஸ்கோன் மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தால் கல்லாகிவிடும். வட்டமாக வெட்டும்போது அச்சைத் திருகவும் கூடாது. ஓரம் ஒட்டிக்கொண்டு கோணலாக எழும்பும். காலையிலேயே சுட்டு வைப்பதும் வேண்டாம், வெதுவெதுப்பாக இருந்தால்தான் ருசி. கூட வைக்க வேண்டியது கிளாட்டட் கிரீம், அதாவது மெதுவாகச் சூடாக்கி எடுக்கும் கெட்டிப் பாலேடு. அடித்து நுரைத்த கிரீம் அதற்கு ஈடாகாது. இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலின் கிளாட்டட் கிரீமில் குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்கும். பக்கத்திலுள்ள டெவன்காரர்கள் ஸ்கோனில் முதலில் கிரீம் தடவுவார்கள், கார்ன்வால்காரர்கள் முதலில் ஜாம். நான் கார்ன்வால் கட்சி. ஆனால் விருந்தாளியிடம் போய் வாதாட மாட்டேன்.

சரி, கோப்பையைப் பிடிக்கும்போது சுண்டுவிரல்? நீட்டாதீர்கள். அதை நாசூக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அது கேலிக்குரிய பாவனை.