உடுக்கின் உடலில் பொன்தூள்: மாகி-எ வேலை செய்யும் முறை

ஜப்பானில் நோ, கபுகி மேடைகளில் வாசிக்கும் கோட்சுசுமி என்ற சின்ன மேளத்தைப் பார்த்தால் எங்கள் உடுக்குத்தான் உடனே நினைவுக்கு வரும். இரு பக்கமும் விரிந்து நடுவில் ஒடுங்கிய மர உடல், வளையத்தில் இழுத்துக் கட்டிய தோல், அதை இணைக்கும் கயிறு, அந்தக் கயிற்றை நெரித்தும் தளர்த்தியும் குரல் மாற்றுகிற கை, எல்லாமே ஒன்றுதான். ஆனால் அவர்களுடைய மர உடலில் கறுப்புப் பூச்சின் மேல் பொன்னால் பூவும் அலையும் இருக்கும். அந்த வேலைக்குப் பெயர் மாகி-எ. தூவிய படம் என்று பொருள். அதை நான் மட்டக்களப்பில் ஒரு உடுக்கில் செய்து பார்த்தேன், நீங்களும் செய்யலாம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். கோயில் உடுக்கில் கை வைக்காதீர்கள். கண்ணகை அம்மன் சடங்கில் அடிக்கிற உடுக்கு, அங்கே பூசை செய்கிற கட்டாடியாரோ கப்புகனாரோ கேட்டுச் செய்யச் சொன்னாலொழிய அப்படியே இருக்கட்டும். வீட்டில் பழகுவதற்கு வைத்திருக்கும் மர உடுக்கு போதும்.

அடுத்தது, எங்கே பூசக்கூடாது என்பது. தோல் உட்காரும் விளிம்பில் பூச்சு ஏறினால் தோல் சரியாகப் படியாது. உட்புறத்தை முழுதாக விட்டுவிடுங்கள், கோட்சுசுமி செய்கிறவர்கள் உட்புறத்தில் வெட்டும் கோடுகளே அதன் ஒலிக்கு ஒரு காரணம், அங்கே பூச்சு போட்டு நிரப்புவது ஒலியை நிரப்புவதுதான். நடு இடுப்பிலும் பொன் வேண்டாம், கச்சையும் கையும் உரசுகிற இடம் அது, சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆக, விரிந்த இரண்டு கிண்ணங்களின் வெளிப்புறம்தான் உங்கள் இடம். தோலையும் கயிற்றையும் கழற்றும்போது எந்தத் தோல் எந்தப் பக்கம் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பூச்சு. நாங்கள் அரக்கு என்று சொல்வது பூச்சி தருவது, ஜப்பானியரின் உருஷி ஒரு மரத்தின் பால். அந்த மரம் மாவும் மரமுந்திரிகையும் இருக்கிற அதே குடும்பம், அதனால் மாங்காய்ப் பால் பட்டு வாய் புண்ணாகிறவர்களுக்கும் முந்திரிகைக் கொட்டை சுட்டு விரல் கொப்பளித்தவர்களுக்கும் உருஷி என்ன செய்யும் என்று விளங்கும். அதிலுள்ள உருஷியோல் தோலில் பட்டால் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து அரிக்கும், அதுவரை ஒன்றும் தெரியாது. கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். பட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெயால் துடைத்து எடுத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். முகத்தில் கை வைக்கவே வேண்டாம்.

தொடங்குகிறவர்களுக்கு என் சொல், உருஷியை விட்டு முந்திரிகைக் கொட்டைத் தோட்டின் எண்ணெயில் ஜப்பானில் செய்கிற கஷூ பெயின்டை எடுங்கள். அதுவும் கறுப்பாக, ஆழமாக மின்னும், உருஷி இறுகுவதற்கு வேண்டிய ஈரப்பெட்டி இதற்குத் தேவையில்லை, உருஷி அளவுக்குக் கடிக்காது. கையுறை மட்டும் அதற்கும் வேண்டும். எங்கள் பக்கத்து முந்திரிகைக் கொட்டையின் தோட்டில் இருக்கிற அதே எண்ணெய் அங்கே போய் வாத்தியத்துக்குப் பூச்சாகிறது என்பது எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற சொந்தங்களிடம் சொல்லி எடுப்பிக்கலாம்.

உருஷிதான் வேண்டும் என்றால் காலநிலையைப் படியுங்கள். உருஷி இறுகுவதற்கு ஈரம் வேண்டும், அதிலுள்ள லாக்கேஸ் என்ற நொதி 20 முதல் 30 பாகை வெப்பத்திலும் 70 முதல் 85 சதவீத ஈரப்பதத்திலும்தான் ஒழுங்காக வேலை செய்யும். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற மாதங்களில் பகலில் காற்று காய்ந்துவிடுவதால் மீன் வருகிற ரெஜிபோம் பெட்டி ஒன்றைக் கழுவி, அடியில் நனைத்த துணி விரித்து, மேலே குச்சிகள் வைத்து உடலை அதில் மூடிவையுங்கள். மார்கழி மழையில் அந்தத் துணி வேண்டாம். நான் மழை நாளில் துணியும் போட்டுப் பூச்சையும் கொஞ்சம் தடிப்பாகப் போட்டேன், மேலே வேகமாக இறுகி உள்ளே இளகியே இருந்து, கிழவியின் கன்னம் போலச் சுருங்கிவிட்டது. முழுதும் உரசி எடுத்துத் திரும்பத் தொடங்க வேண்டிவந்தது. மெல்லிசாகப் பூசுவதுதான் இதற்கு மருந்து.

அடித்தளத்தில் அதிகம் சொல்ல இல்லை. மரத்தை 240, பிறகு 400 சாண்ட் பேப்பரால் தேய்த்து, தூசி துடைத்து, கறுப்பு மூன்று தடவை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு 800 தாளில் தண்ணீர் வைத்து இலேசாகத் தேய்த்துப் பூசுங்கள்.

நேரே உடுக்கில் தொடங்காமல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பழகுங்கள். சிரட்டையின் வளைவும் உடுக்குக் கிண்ணத்தின் வளைவும் கிட்டத்தட்ட ஒன்று, காசும் போகாது. நான் ஐந்து சிரட்டை செய்தேன்.

படத்துக்கு நான் எடுத்தது ஊரி என்கிற நத்தைச் சங்கும் அலையும். கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் கேட்கிற பாட்டு ஊரியின் பாட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள், ஒலி தருகிற வாத்தியத்தில் அதைவிட வேறென்ன வரைவது? படத்தை மெல்லிய கடதாசியில் வரைந்து, பின்பக்கம் சோக்குத்தூள் தேய்த்து, கிண்ணத்தில் வைத்துப் பென்சிலால் கோட்டின் மேல் போங்கள். வளைவில் கடதாசி மடிந்து கோணும், ஓரத்திலிருந்து உள்ளே நாலைந்து இடத்தில் கத்தரித்துவிட்டால் படிந்துகொள்ளும்.

கோடு வரைவது மெல்லிய 00 தூரிகையால். பூச்சில் கொஞ்சம் சிவந்த இரும்புக் காவி கலந்துகொள்ளுங்கள், கறுப்பின் மேல் கோடு தெரிவதற்கும் பொன்னுக்கு அடியில் சூடான நிறம் இருப்பதற்கும். ஜப்பானியர் இந்தக் காவியை பெங்கரா என்கிறார்கள், வங்காளத்தின் பெயரிலிருந்து வந்த சொல். பூச்சு எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நல்லது, தடித்த கோட்டில் பொன் மூழ்கி மங்கிப்போகும்.

பிறகு காத்திருங்கள். உருஷியில் வரைந்தவர்கள் கோட்டின் மேல் வாயால் இலேசாக ஊதிப் பார்ப்பார்கள். மூச்சு பட்ட இடம் ஒரு கணம் நீலம் பூத்து மறைந்தால் நுண்தூளுக்கு அதுதான் நேரம். கஷூவில் விரல் வைத்தால் ஒட்டும், ஆனால் விரலில் ஏறாது என்ற நிலை. அதற்கு முன் தூவினால் தூள் அமிழும், பிந்தினால் பிடிக்காது.

தூவுவதற்கு விரல் நீள மெல்லிய மூங்கில் குழாய் ஒன்றைச் சரிவாக வெட்டி, வாயில் பழைய பட்டுச் சேலைத் துண்டைக் கட்டுங்கள். தூளை உள்ளே போட்டு, கோட்டுக்கு மேலே சாய்த்துப் பிடித்து, சுட்டுவிரலால் குழாயைத் தட்டத் தட்ட அது புகைபோல இறங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், கதவையும் சாத்துங்கள். முதலில் கோடே தெரியாது, எல்லா இடமும் ஒரே பொன் மங்கல். அதன் பிறகு காய்ந்த மென்மையான தூரிகையால் மெதுவாகத் துடைக்கும்போது, ஊரியின் சுழி ஒவ்வொரு வளையமாகக் கறுப்பிலிருந்து எழும்பி வருவதைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இவ்வளவும் செய்கிறேன். கீழே விழுந்த தூளை வெள்ளைக் கடதாசியில் சேர்த்தெடுங்கள், பொன் அது.

பொன் வாங்க வசதி இல்லாவிட்டால் பித்தளைத் தூள் பழகுவதற்குப் போதும், ஆனால் எங்கள் உப்புக்காற்றில் அது மங்கும். வெள்ளித் தூளும் காலப்போக்கில் கறுக்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு மெலிதாக்கிய தெளிந்த பூச்சைப் பொன்னின் மேல் தடவி, உடனே மெல்லிய கடதாசியால் ஒற்றியெடுங்கள், தூள் மணிகளுக்கு இடையே இறங்கியது மட்டும் நிற்கட்டும். அது இறுகியதும், ஒரு துளி எண்ணெயும் மிக நுண்ணிய மெருகுத்தூளும் தொட்டு விரல் நுனியால் வட்டமாகத் தேயுங்கள். ஜப்பானியர் இதற்கு மான்கொம்பைச் சுட்ட தூள் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் பொன் போய்விடும்.

உருஷிக்குப் பாவித்த தூரிகையை எண்ணெயில் கழுவிவைத்தால், அடுத்த முறை தொடங்குமுன் அந்த எண்ணெயை டர்பன்டைனால் முழுதாக எடுத்துவிடுங்கள், எண்ணெய் கலந்தால் பூச்சு காயாது.

தோலைத் திரும்பக் கட்ட அவசரம் வேண்டாம். தொட்டால் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே இறுகச் சில வாரம் எடுக்கும், அதற்குள் கயிற்றை இழுத்துக் கட்டினால் கயிற்றின் தடம் பூச்சில் பதிந்துவிடும். நான் ஒரு மாதம் விட்டேன். பிறகு கட்டி, அடித்துப் பார்த்தேன். பழைய குரல்தான் வந்தது.