லட்சக்கணக்கான சென்சார் அளவீடுகளை வரையும்போது உச்சங்களைத் தொலைக்காதீர்கள்

அதிர்வு சென்சார் ஒன்று நொடிக்கு 1000 அளவீடு தருகிறது என்றால், ஒரு மணி நேரத்துக்கு 36 லட்சம் புள்ளிகள். திரையின் அகலமோ 1920 பிக்சல்தான். ஆக, ஒவ்வொரு பிக்சல் பத்தியிலும் 1875 புள்ளிகள் அடங்க வேண்டும். பலரும் 1875-க்கு ஒன்று என்று எடுத்து வரைகிறார்கள், இல்லையென்றால் சராசரி போடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. இயந்திரத்தின் சுழல் அச்சைத் தாங்கும் பேரிங்கில் இரண்டே மில்லிநொடி விழுந்த ஓர் அடி, முதல் வழியில் பெரும்பாலும் காணாமல் போகும், இரண்டாவதில் கரைந்துவிடும். நாம் தேடுவதே அதைத்தானே!

அதற்குப் பதில், ஒவ்வொரு பத்திக்கும் மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு இரண்டையும் எடுத்து, நடுவே செங்குத்துக் கோடு வரையுங்கள். 36 லட்சம் புள்ளிகள் 3840 ஆகச் சுருங்கும், ஓர் உச்சம்கூடத் தப்பாது. பெரிதாக்கிப் பார்க்கும்போது, தெரியும் பகுதிக்கு மட்டும் மூலத் தரவிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். இதை விட்டுவிட்டால் பெரிதாக்கியும் பயனில்லை. பைத்தான் நிரல்மொழியில் ப்ளாட்லி-ரீசாம்ப்ளர் என்ற நிரல்தொகுப்பு இந்த மறுகணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், பக்கத்திலேயே சுழல்வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் ஒரு சிதறல் வரைபடத்தை (ஒரு அச்சில் வேகம், மறு அச்சில் வெப்பநிலை, ஒவ்வோர் அளவீடும் ஒரு புள்ளி) இணைத்து வையுங்கள். அதிர்வு உச்சங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால், அதே நேரத்துப் புள்ளிகள் அங்கே நிறம் மாற வேண்டும். அவை ஒரே வேகத்தில் குவிந்தால் முதலில் ஒத்ததிர்வைச் (சுழல்வேகம் இயந்திரத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் அதிர்வு பெருகுவதை) சந்தேகியுங்கள். சூடு ஏறிய இடத்தில் குவிந்தால் மசகெண்ணெயைப் பாருங்கள். புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக்கொண்டால், டேட்டாஷேடர் என்ற இன்னொரு பைத்தான் நிரல்தொகுப்பைக் கொண்டு அடர்த்தியை நிறமாகக் காட்டலாம்.