வெளிநாட்டுப் பயணம் முடிந்து மிஞ்சிய சில்லறைக் காசுகளை என்ன செய்வது?

மலேசியாவின் ஈப்போ நகர நாணய மாற்றுக் கடைகளுக்குக் காசுகளைச் சுமந்து போகாதீர்கள். பெரும்பாலும் நோட்டுகளை மட்டுமே வாங்குவார்கள். எடை அதிகம், மதிப்பு குறைவு. அதனால் ஊர் திரும்புமுன் விமான நிலையக் கடையிலேயே கையிலுள்ள காசை முதலில் எண்ணிக் கொடுத்து, மீதியை நோட்டிலோ அட்டையிலோ கட்டுங்கள்.

காசு ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட் வீட்டுக்கே வந்துவிட்டதா? நாடுவாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பைகளில் போடுங்கள். சிங்கப்பூர்க் காசைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்: ஒரு டாலர் மூன்று வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) மேல். ஜொகூரிலிருந்து அங்கே வேலைக்குப் போய்வரும் சொந்தக்காரரிடம் கொடுத்து, அன்றைய மதிப்புக்கு வெள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். புருணைக் காசையும் அதோடு சேர்க்கலாம்; 1967 முதல் இரண்டு டாலரும் சரிக்குச் சரி.

இந்தியப் பத்து ரூபாய்க் காசு ஏறத்தாழ அரை வெள்ளிதான். அடுத்து திருச்சிக்குப் போகிறவர் கையில் கொடுங்கள். இறங்கியதும் டீக்கும் பேருந்துக்கும் உதவும்.

பழைய காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு அல்ல அது. புளியின் அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும், சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார். ஓரத்தைப் பிடித்து, காகித உறையில் போட்டு வையுங்கள்.