பாறைக்குள் சூடு வைத்தால் தண்ணீர் எங்கே போகும்?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததிலிருந்து, மதுரைப் பக்கம் அணுக்கழிவு என்ற சொல் டீக்கடை வரை வந்துவிட்டது. அந்தத் திட்டம் நியூட்ரினோ துகள்களை ஆராய்வதற்காகப் போடப்பட்டது. கழிவு புதைப்பது வேறு விஷயம். இருந்தாலும், மலைக்குள் சூடான கழிவை வைத்தால் அங்குள்ள தண்ணீர் என்ன ஆகும் என்ற கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள்.

"சூட்டில் ஈரமெல்லாம் ஆவியாகிவிடும், அப்புறம் கசிவு ஏது?" என்பதுதான் அடிக்கடி கேட்கும் தவறு. இதில் பாதி உண்மை. அமெரிக்காவின் நெவாடாவில், அணுக்கழிவைப் புதைக்கலாமா என்று ஆராயப்பட்ட யக்கா மலைக்குள் ஒரு சுரங்கத்தை 1997 முதல் 2002 வரை ஹீட்டர் வைத்துச் சூடாக்கினார்கள். சுவர் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை போனது; சுற்றியிருந்த பாறை காய்ந்தது. ஆனால் தண்ணீர் மறைந்துவிடவில்லை. இட்லிப் பானையைப் பாருங்கள்: ஆவி மேலே போய் மூடியில் குளிர்ந்து, சொட்டாகத் திரும்புகிறது. பாறையிலும் அப்படித்தான். ஆவி விரிசல் வழியாக வெளியேறி, சூடு குறைந்த இடத்தில் நீராகி, மறுபடி கீழே இறங்கும். பாறை கொதிநிலைக்கு மேல் இருக்கும்வரை, இறங்கும் நீர் சுரங்கத்தைத் தொடுமுன் பெரும்பாலும் மறுபடி ஆவியாகிவிடும். ஒரே விரிசலில் வேகமாக நீர் இறங்கினால் சுரங்கத்தைச் சுற்றியுள்ள அந்தச் சூடான பாறை வளையத்தையும் தாண்டி வர வாய்ப்புண்டு. பாறை ஆறிய பிறகு அந்தக் காவலே இருக்காது. அதனால் உச்சச் சூட்டை மட்டும் பார்த்து முடிவு சொல்லக்கூடாது.

மேலே ஈரம் இருந்தால் குகைக்குள் கட்டாயம் சொட்டும் என்பது இதற்கு நேர் எதிர்த் தவறு. நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள பாறையில், நீர் நுண்துளைகளையும் மெல்லிய விரிசல்களையும் விட்டுப் பெரிய வெற்றிடத்துக்குள் எளிதில் இறங்காது. பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போகும். மதுரை அருகே மாங்குளத்தில் சமணர் படுக்கைகளுக்கு மேலே, மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கே காரணம் வேறு, பலன் ஒன்றுதான்.

எனக்கு அதிகம் கவலை தருவது, யக்கா மலையின் முடிவை நம் ஊர்ப் பாறைக்கு அப்படியே பொருத்திப் பேசுவது. அது நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் எரிமலைச் சாம்பல் பாறை. மதுரையைச் சுற்றி இருப்பதோ கிரானைட், நைஸ், சார்னோகைட் போன்ற கடும்பாறை. ஸ்வீடன், பின்லாந்து நாடுகளின் அணுக்கழிவுப் புதைப்புத் திட்டங்களில் வருவது போல 400 மீட்டருக்கும் கீழே போனால் விரிசல்கள் எல்லாம் நீரால் நிறைந்து, அழுத்தத்தில் இருக்கும். அந்த அழுத்தத்தில் 100 டிகிரியில் நீர் கொதிக்காது. ஆவிக் காவல் அங்கே எதிர்பார்க்க முடியாது.

அங்கே சூடு செய்வது வேறு வேலை. 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். விரிசலும் அழுத்தமும் மாறாமல் இருந்தால், ஓட்டம் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆனால் பாறையும் சூட்டில் விரியும். விரிந்து விரிசலை நெருக்கும். எது மிஞ்சும் என்பது அந்தந்த இடத்து விரிசலைப் பொறுத்தது. கழிவுக் கலத்தைச் சுற்றி வைக்கும் பென்டோனைட் களிமண்ணும் சூட்டில் தன்மை மாறக்கூடாது என்பதால், அந்த நாடுகள் அதை 100 டிகிரிக்குக் கீழே வைக்கத் திட்டமிடுகின்றன.

"கருங்கல்லில் தண்ணீர் ஏது?" என்பவர்கள் அழகர்மலை நூபுர கங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு வரட்டும். போர் போடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஓரிடத்தில் வெறும் புழுதி, சில அடி தள்ளி நல்ல ஊற்று. கல்லின் ஒரு துண்டை ஆய்வகத்தில் சோதித்தால் இந்த விரிசல்கள் அகப்படாது. அதனால்தான் நம் நாட்டிலும் கோலார் தங்கச் சுரங்கத்தில், சுமார் 1000 மீட்டர் ஆழத்தில், பாறைக்குள்ளேயே ஹீட்டர் இறக்கிப் பார்த்தார்கள்.

கடைசியாக, காலம். கழிவின் சூடு தணிய நூற்றாண்டுகள் ஆகும். எந்தச் சோதனையும் அவ்வளவு காலம் ஓடாது. சூடேற்றிய சில ஆண்டுகளின் அளவை மட்டும் காட்டி "கசியவில்லை" என்று யாராவது சொன்னால், ஆறும்போது என்ன பதிவானது என்று கேளுங்கள். யக்கா மலையில் ஹீட்டரை அணைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் அளந்துகொண்டுதான் இருந்தார்கள்.